கட்டாத வீட்டின் இஞ்சினியர்

ஜனவரி 12, ஞாயிறு

காலை பேக்கரி. வெளியே போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சொந்தக் காசில் பங்கு வாங்குகிறவர்கள். ஓய்வு பெற்றவர்கள், மில் அக்கவுண்டன்ட்கள், ஒரு பல் டாக்டர். சந்தை ஏறும்போது உட்கார இடம் இருக்காது. இன்று பாதி நாற்காலிகள் காலி.

தீபாவளியிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. எல்லோருடைய போனிலும் சிவப்பு. தேங்காய் பன்கூட மீந்துவிட்டது.

பூபதி மட்டும் உற்சாகமாக இருந்தான். சந்தை விழும்போதுதான் அவனுக்குப் பசிக்கும். பல்கலைக்கழக விடுதியில் என் அறைத் தோழன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பங்குதான் இப்போது.

"தென்திசை பைப்ஸ்," என்றான். "பாதி விலைக்கு வந்திருச்சு. தண்ணிக் குழாய், டேங்கு, பாத்ரூம் சாமான். கம்பெனிக்குக் கடன் கெடையாது. நம்ம பக்கத்துலதான் பாதி வியாபாரம். வீடு கட்றவன் மொதல்ல வாங்கறது குழாய். டைல்ஸ், பெயின்டெல்லாம் அப்பறம். குழாய் வித்துதுன்னா மத்ததும் விக்கப் போகுதுன்னு அர்த்தம்."

"வித்தாத்தானேப்பா," என்றார் டேவிட் சார். வங்கி மேனேஜராக இருந்தவர். ஒவ்வொரு வாரமும் தன்னுடைய ஒரு நஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"அதையத்தான் பாக்கோணும்."

பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கடை கடையாகப் போவது. விலை கேட்பது, எந்தக் கம்பெனிச் சரக்கு ஓடுகிறது என்று பேச்சுக் கொடுப்பது, கொட்டேஷனை வாங்கி மடித்துக்கொண்டு திரும்புவது. ஒரு பெயின்ட் கம்பெனியைப் பூபதி இப்படித்தான் பிடித்தான். அது மூன்று மடங்கு ஏறியது. அன்றிலிருந்து அவன் சொல்வது இங்கே சட்டம்.

தனி ஆளாகப் போனால் கடைக்காரர் தலை நிமிர மாட்டார். புருஷன் பொண்டாட்டியாகப் போனால் நாற்காலி போட்டு மோர் தருவார். கூட்டத்துக்கு மனைவியோடு வருகிறவன் நான் ஒருவன்தான். தாரணி எனக்காக வருவதில்லை, பேச்சைக் கேட்க வருகிறாள். பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். எங்கள் வீட்டில் பங்கு வாங்கும் அளவுக்குப் பணம் வைத்திருப்பவளும் அவள்தான். அதற்கு மனைப் பணம் என்று பெயர். ஒரு மனை வாங்குவதற்காகக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்தது. நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மாதாமாதம் வரும், சம்பளம் வரும்போது வரும்.

"சனிக்கிழம நீங்க ரெண்டு பேரும் மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடைக்குப் போயிருங்க," என்றான் பூபதி.

எனக்கு அன்று தேர்வு மேற்பார்வை. சொன்னேன்.

"அப்ப நான் அம்மிணியக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தர்றேன். என்னங்க அம்மிணி?"

"சரிங்ணா," என்றாள் தாரணி. என்னைப் பார்க்காமல்.

வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள். "மனைப் பணத்த அதுல போடலாங்களா?"

"என்னை ஏன் கேட்கிறாய்? பூபதியைக் கேள்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன்.


ஜனவரி 13

போகி. கிழிந்த பாயை எரித்தோம். சந்தையும் எரிந்தது.


ஜனவரி 18, சனி

தேர்வு அறை. இருத்தலியல் தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றேன். கருப்பு. பக்கவாட்டில் 'தென்திசை' என்று மஞ்சள் எழுத்து. இவ்வளவு நாள் கண்ணில் படாதது.

தாரணி எனக்குப் பிறகுதான் வீடு திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கலாம்.

"சலீம் பாய் கடைங்க. பெரிய கடை. உள்ள போனதுமே சர்பத் குடுத்தாரு. பூபதி அண்ணாவப் பாத்து, 'சார், உங்க வீட்டம்மாவுக்கு எந்தக் கலரு புடிக்கும்'ங்கறாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"என்ன சொல்றது? இல்லைன்னா நடிப்பு கெட்டுப் போயிருங்களே. வெள்ளைன்னேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு வீட்டை விவரித்தாள். கிழக்குப் பார்த்த வாசல். சமையலறையில் இரண்டு தொட்டி. மாடிக்கு வெளியிலிருந்து படி. கீழ்த்தளத்துக் கழிவறையில் பிடித்து எழக் கம்பி, என் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால். இதையெல்லாம் சலீம் பாய் கேட்டாராம். கேட்கக் கேட்க இவள் சொன்னாளாம்.

ஒரு பொய்க்கு இவ்வளவு அறைகள் எதற்கு?

அவர்கள் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். பேசும்போது இருவர் பேச்சும் ஒரே இடத்தில் வளைகிறது. நான் மன்னார்குடிக்காரன். என் பேச்சு நேராகப் போய் முட்டிக்கொள்ளும். அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சொல் போதுமானது. போதுமானது என்று எழுதி வைக்கிறேன்.


ஜனவரி 19, ஞாயிறு

பேக்கரி. எல்லோரும் அவரவர் கடையைச் சொன்னார்கள். பல் டாக்டர் போன கடையிலும் கூட்டம். டேவிட் சார் போன கடையிலும் கூட்டம். பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூரிலும் இதே செய்தி. பூபதியின் வாட்ஸப் குழுவில் அங்கிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் கடை கடையாகப் போகிறார்கள். எங்கே கேட்டாலும் கடைக்காரர்கள் ஒன்றையே சொல்கிறார்கள். சரக்கு வாங்குவது மந்தம், ஆனால் இந்த மாதம் விசாரிப்பு அதிகம். அப்படி விசாரிக்கிறார்கள்.

"நாட்ல வேலயில்ல, காசில்ல, ஆனா எல்லாரும் வீடு கட்றான்," என்றார் டேவிட் சார். "நானே போன வாரம் ரெண்டு வீடு கட்டிட்டேன். ஒண்ணு டூப்ளெக்ஸ்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அம்மிணி சொன்னதுதான் முக்கியம்," என்றான் பூபதி. "சலீம் பாயிகிட்ட அவங்க கேட்ட கேள்வி எனக்கே தோணல. பழைய ஸ்டாக் எத்தன நாள் நிக்குதுன்னு கேட்டாங்க. பரிதி, உன் பொண்டாட்டி உன்னய விட வெவரம்டா."

"அதில் என்ன சந்தேகம்," என்றேன்.

பப்ஸ் ஆறிப் போயிருந்தது. நான்தான் கடைசிவரை சாப்பிட்டேன்.


ஜனவரி 25, சனி

நானும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று தாரணி கேட்டாள். நேரில் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

சலீம் பாய் எழுந்து வந்தார். "வாங்கம்மா, வாங்க. சார் வர்லீங்களா இன்னைக்கு?"

"வேல இருக்குதுங்க பாய்."

பிறகு என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் பேனா, கையில் ஹெல்மெட். "இவரு... இஞ்சினியருங்களா?"

தாரணி ஒரு கணம் தயங்கினாள். ஒரு கணம்தான். "ஆமாங்க."

ஆக, எங்கள் கட்டாத வீட்டுக்கு நான் இஞ்சினியர்.

"கழிவுக் குழாய் மூணு இஞ்சா நாலு இஞ்சாங்க சார்?"

"மூன்று."

சலீம் பாய் தாரணியைப் பார்த்தார். "நாலு போட்ரலாங்க பாய்," என்றாள் அவள், மெதுவாக. "சார் சிக்கனம் பாக்கறாரு."

"பாக்கட்டுங்க. சிக்கனம் பாக்கற இஞ்சினியர் கெடைக்கறது அபூர்வம்," என்று என் போன் நம்பரைக் கேட்டு வாங்கித் தன் போனில் தட்டினார். "கம்பெனி ஆப்புங்க. விசாரிக்க வர்றவங்க நம்பரப் போட்டா எங்களுக்குப் பாயின்ட்டு. பாயின்ட்டு சேந்தா மிக்ஸி குடுக்கறாங்க. வீட்ல ஏற்கெனவே ரெண்டு மிக்ஸி ஆயிப்போச்சு. இந்த மாசம் மூணாவது வந்துரும்."

சர்பத் வந்தது. அவளுக்குக் கண்ணாடி டம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில்.

திரும்பும்போது கேட்டேன். "கணவர் என்று சொல்லியிருக்கலாமே."

"போன வாரம் வேற ஒருத்தரோட போனனுங்களே. என்ன நெனப்பாரு?"

நியாயம். அவள் சொல்வது எப்போதும் நியாயமாகவே இருக்கிறது.


பிப்ரவரி 2, ஞாயிறு

பேக்கரிக்குப் போகவில்லை. தலைவலி. தாரணி போனாள்.


பிப்ரவரி 7, வெள்ளி

அவள் குளிக்கும்போது அவளுடைய போன் மேசையில் ஒளிர்ந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்காமலே படிக்க முடிந்தது.

பூபதி: 'நாளைக்குப் பத்து மணி. ஷூ போட்டுட்டு வாங்க அம்மிணி, ஒரே முள்ளு.'

கேட்டால் பொறாமை. கேட்காமலிருந்தால் நாகரிகம். நான் நாகரிகமானவன்.


பிப்ரவரி 8, சனி

மாலையில் வாசலில் அவளுடைய ஷூ. அடிப்பாகத்தில் நெருஞ்சி முள், செம்மண். கடைத்தெருவில் நெருஞ்சி ஏது? குடோனுக்குப் போயிருப்பார்கள். குழாய்க் குடோன்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கும். சரக்கு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கப் போயிருப்பார்கள். இவ்வளவு அக்கறையாக யார் பார்ப்பார்கள், பூபதியைத் தவிர.

முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்று விரலில் ஏறியது.

"எங்க போனேன்னு கேக்கலியே?" என்றாள், சோறு போடும்போது.

"தெரியும்."

கரண்டியோடு நின்றாள். "தெரியுங்களா?"

"பூபதியோடு."

பிறகு ரசம் ஊற்றினாள்.


பிப்ரவரி 13, வியாழன்

தென்திசையின் காலாண்டு முடிவு. மாலையில் கம்பெனி நடத்திய தொலைபேசிக் கூட்டத்தில் எங்களைப் போன்ற சில்லறை ஆட்களும் சேர்ந்து கேட்கலாம். பூபதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கட்டிலில் போனை ஸ்பீக்கரில் போட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம்.

நிர்வாக இயக்குநர் ஒரு பெண்மணி. நிதானமான குரல். விற்பனை குறைவு, லாபம் குறைவு என்று ஒத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆனால் மேற்கு மாவட்டங்களில் எங்கள் டீலர்களிடம் வரும் விசாரிப்புகள் இரண்டு மடங்காகியுள்ளன. அடுத்த காலாண்டில் இவை விற்பனையாக மாறும் என்று எதிர்பார்க்கிறோம். உற்பத்தியைக் கூட்டத் தொடங்கிவிட்டோம்."

பூபதி என் தொடையில் அடித்தான். "கேட்டியா? நாம தரையில பாத்தது, அவங்க மேல இருந்து சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணு."

தாரணி அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அவன் போன பிறகு என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'மதிப்பிற்குரிய இஞ்சினியர் அவர்களே, தங்கள் கட்டுமானப் பணி எந்த நிலையில் உள்ளது? அடித்தளம் எனில் 1, சுவர் எனில் 2, கூரை எனில் 3 என்று பதில் அனுப்பவும். உங்கள் நலம் நாடும் தென்திசை.'

ஒன்றா, இரண்டா, மூன்றா. எதுவும் இல்லை. என்னிடம் வீடே இல்லை.

பல் டாக்டருக்கும் இந்தச் செய்தி வந்திருக்கும். டேவிட் சாருக்கு இரண்டு முறை வந்திருக்கும். பொள்ளாச்சிக்கு, ஈரோட்டுக்கு, திருப்பூருக்கு. கடையில் நம்பரைத் தட்டினார்கள், மிக்ஸிக்காக. நம்பர் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதைக் கூட்டிப் பார்த்து, விசாரிப்பு இரண்டு மடங்கு என்று எங்களிடமே சொல்கிறது. நாங்கள் அதைக் கேட்டுக் கை தட்டுகிறோம்.

வீடு கட்டப் போகிற அந்தக் கூட்டம் நாங்கள்தான்.


பிப்ரவரி 15, சனி

உறுதி செய்துகொள்ளத் தனியாகப் போனேன்.

"வாங்க இஞ்சினியர் சார்." சலீம் பாய் கடையில் அன்று ஈ காக்கை இல்லை.

"விசாரித்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் பாய்?"

"அதைய ஏங்க கேக்கறீங்க. நாப்பது அம்பது பேரு வந்திருப்பாங்க. வந்தாங்க, சர்பத் குடிச்சாங்க, போனாங்க. ஒருத்தருதானுங்க அட்வான்ஸ் குடுத்தது. அதும் போர் போடறதுக்குக் கேசிங் பைப்புக்கு மட்டும்." உங்களுக்குத் தெரியாததா என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். "மத்தவங்கெல்லாம் எந்த ஊருக்காரங்கன்னே தெரியல சார். ஏதோ வேண்டுதல் மாதிரி வந்துட்டுப் போறாங்க."

யார் அந்த ஒருவர் என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒரு நிஜ மனிதன். அவனால் எனக்கு என்ன ஆகப் போகிறது.

கடையை விட்டு வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வெகுநாட்களுக்குப் பிறகு ஒரு விஷயம் எனக்குத் தெரியும், பூபதிக்குத் தெரியாது.

நாளைக்கு எல்லோர் முன்னாலும் சொல்வேன். தாரணி கேட்டுக்கொண்டிருக்கும்போது.


பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. பூபதி நின்றுகொண்டு பேசினான். மற்ற பங்குகளை எல்லாம் விற்றுவிட்டானாம். காரையும். நாளைக் காலை எல்லாவற்றையும் தென்திசையில் போடப் போகிறான். "இந்த மாதிரி ஒண்ணு வாழ்க்கைல ரெண்டு தடவதான் வரும். ஒண்ண பெயின்ட்டுல பாத்துட்டேன்."

"ஒரு சந்தேகம்," என்றேன்.

"வந்துட்டான்," என்றான் பூபதி. "தத்துவம் படிச்சவன். ஆஸ்டல்ல இட்லி குடுத்தா, இது நெசமாவே இட்லிதானான்னு கேப்பான். நான் அதுக்குள்ள நாலு தின்னுருப்பேன்."

சிரிப்பு. டேவிட் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். தாரணியும் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வர, என்னோடு அவள் சிரித்து நாளாகிவிட்ட சிரிப்பு.

"சொல்லுடா, என்ன சந்தேகம்?" என்றான் பூபதி, தோளில் கை போட்டு.

"ஒன்றுமில்லை. டீ சொல்லலாமா என்று."

சொல்லவிடாமல் யாரும் தடுக்கவில்லை. மூச்சு இருந்தது, வார்த்தை இருந்தது. அவன் கை என் தோளில் இருந்தது.


பிப்ரவரி 17

ஏறியது.


பிப்ரவரி 18

ஏறியது. தென்னை மட்டை ஒன்று விழுந்து கொடிக்கயிறு அறுந்தது. துணியெல்லாம் மறுபடி துவைத்தேன்.


பிப்ரவரி 20, வியாழன்

தாரணி வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். "மனைப் பணத்த எடுத்துட்டேனுங்க."

"ம்."

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"உன் பணம்."

"நம்ம பணம்னுதான் நான் நெனச்சுட்டிருக்கேன்."

இப்போது சொல்ல வேண்டும். கம்பெனி சொன்ன அந்தக் கூட்டம் பொய், நாங்கள்தான் அது, பணத்தைத் திரும்ப எடு என்று இரண்டு வாக்கியம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் உடனே போனை எடுத்து யாரிடம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவன் தப்பிப்பான். தப்பித்துவிட்டு, நன்றி அம்மிணி என்பான்.

"பூபதி சொல்லித்தானே எடுத்தாய்?"

"அவருகிட்டயும் கேட்டேன். அதுல என்னங்க?"

"நல்லது."

கைப்பையை ஆணியில் மாட்டினாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. நான் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டேன்.

பணம் போனால் போகட்டும். அவன் சொல் கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியட்டும். இதை எழுதும்போது ஓர் அடித்தல்கூட விழவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.


பிப்ரவரி 27

இன்னும் ஏறுகிறது. நான் நினைத்தது தவறோ? பூபதி எப்போதும் போல் சரியோ? வீடு கட்டாதவர்கள் விசாரித்தாலும் பங்கு ஏறும் என்றால் நான் என்ன படித்தேன்?

இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன்.


மார்ச் 5, புதன்

இறங்கத் தொடங்கிவிட்டது. கொஞ்சம்தான்.

பூபதி போன் செய்தான். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "பரிதி, அன்னிக்கு ஏதோ சந்தேகம்னு ஆரம்பிச்சியே. நாந்தான் கிண்டலடிச்சுட்டேன். என்னடா அது?"

"எப்போது?"

"பேக்கரில. யோசிச்சுப் பாத்தேன், நீ சும்மா வாயத் தொறக்கற ஆளில்ல. எனக்கு ஒரு மாதிரி இருக்குது. வெளிய வந்துரலாமான்னு. நீ ஒரு வார்த்த சொன்னாத் தைரியமா இருக்கும்."

சமையலறையில் தாரணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சமீபமாக முணுமுணுக்கிறாள். என்ன சந்தோஷம் அவளுக்கு என்று தெரியவில்லை. எதனால் என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது.

"மறந்துவிட்டது," என்றேன்.

"செரி வுடு. ஞாபகம் வந்தாச் சொல்லு."


மார்ச் 17, திங்கள்

காலையில் கம்பெனியின் அறிவிப்பு. எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. டீலர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். கூட்டிய உற்பத்தியை நிறுத்தி, ஒரு ஆலையைத் தற்காலிகமாக மூடுகிறார்கள்.

சந்தை திறந்ததும் பங்கு ஒரேயடியாக விழுந்து பூட்டிக்கொண்டது. விற்க எல்லோரும் இருந்தார்கள். வாங்க ஒருவரும் இல்லை. இந்த விலையில் விற்க நினைத்தாலும் முடியாது, நாளைக்கு இன்னும் கீழே திறக்கும்.

வகுப்புக்கு நடுவே நான்கு முறை பார்த்தேன். எனக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாலையில் தாரணிக்காகக் காத்திருந்தேன். அழுதுகொண்டு வருவாள். தேற்ற வேண்டும். என்ன சொல்வது என்றுகூடத் தயாராக இருந்தேன்.

அழாமல் வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே, "பூபதி அண்ணாவுக்குப் போன் பண்ணுனீங்களா? எடுக்கவே மாட்டேங்கறாருங்க," என்றாள்.

"நம் பணம்?"

"எந்தப் பணம்?"

"மனைப் பணம். தென்திசையில் போட்டது."

புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அவள் முகத்தில் அது மெதுவாக ஏறியதைப் பார்த்தேன்.

"அதுல போட்டேன்னு யாருங்க சொன்னது? மனைதானுங்க வாங்கியிருக்குது. கோவில்பாளையம் தாண்டி, அஞ்சு சென்ட். பத்திரம் ரெண்டு பேரு மேலயும். பதியறதுக்கு நீங்க வந்து கையெழுத்துப் போடோணும், வெள்ளிக்கிழமை தேதி குடுத்திருக்காங்க."

கைப்பையிலிருந்து பத்திர நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எத்தன தடவ சொல்ல வந்தேன். முள்ளுக் குத்த எடத்தப் பாத்துட்டு வந்த அன்னிக்கு. பணம் எடுத்த அன்னிக்கு. நீங்க கேட்டாத்தான. கேட்டா நான் எப்படிச் சந்தோசமாச் சொல்லோணும்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன்." குரல் இறங்கியது. "பூபதி அண்ணாதான் மொத நாளே சொன்னாரு. 'அம்மிணி, மனைப் பணத்தக் கொண்டு வந்து இந்த ஆட்டத்துல போட்றாதீங்க. வெல எறங்கிக் கெடக்கறப்பவே மனைய வாங்கிப் போடுங்க'ன்னு. அவரோட மாமா வழில வந்த எடம். வெலயும் அவருதான் கொறச்சுப் பேசுனாரு. சலீம் பாய்கிட்டப் பொய் சொல்லி உக்காந்தப்பதானுங்க எனக்கே தெரிஞ்சுது, என் தலைக்குள்ள ஒரு வீடு முழுசா இருக்குதுன்னு."

தென்திசையில் எங்கள் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை.

அவனுடையது எல்லாமே இருக்கிறது.


மார்ச் 18

பூட்டு.


மார்ச் 19

பூட்டு. பூபதியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டாமல் திரும்பினேன்.


மார்ச் 21, வெள்ளி

பத்திரப் பதிவு. இரண்டு கையெழுத்து. சாட்சிக் கையெழுத்துப் போடப் பூபதி வந்திருந்தான். பஸ்ஸில். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில்.

"வித்துட்டேன்," என்றான். "கெடச்ச வெலைக்கு. காலு பங்கு மிச்சம். ஒண்ணாந் தேதியிலிருந்து திருப்பூர்ல ஒரு கம்பெனில வேல. அக்கவுண்ட்ஸ்." பிறகு தாரணியிடம், "நல்லவேள அம்மிணி, நீங்களாவது என் பேச்சக் கேட்டீங்க. நானே கேக்கல பாருங்க," என்று சிரித்தான்.

அவனிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் கூட்டம். பிறகு டீக்கடையில் கூட்டம். பிறகு அவன் பஸ் வந்துவிட்டது.


ஏப்ரல் 6, ஞாயிறு

ஆழ்துளைக் கிணறு. விடியும்போதே வண்டி வந்து நின்றுவிட்டது. தாரணி கற்பூரம் காட்டினாள். பூபதி திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தேங்காய் உடைத்தான்.

கேசிங் குழாய்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சலீம் பாயே வந்தார். கருப்புக் குழாய்கள், மஞ்சள் எழுத்து. பூபதி ஒன்றைத் தட்டிப் பார்த்தான். "நம்ம கம்பெனி," என்றான். "என்ற கார் இதுக்குள்ளதான் எங்கியோ இருக்குது பாய்."

சலீம் பாய்க்குப் பங்கு விவகாரம் தெரியாது. சிரித்து வைத்தார். பிறகு என்னைக் கண்டுகொண்டார்.

"அட, இஞ்சினியர் சார். சாரு ரொம்ப வெவரமான ஆளுங்கம்மா. கம்பெனிக்காரங்களுக்கே தெரியாததெல்லாம் அப்பவே புடிச்சுட்டாரு. கேட்டுட்டுப் போனவங்கள்ல எத்தன பேரு வாங்குனாங்கன்னு நேர்ல வந்து விசாரிச்சாரே. ஒருத்தருதான்னு சொன்னேன். அந்த ஒருத்தரு இந்தம்மாதானுங்க."

பூபதி கையில் பேப்பர் கப். வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"இவன் எப்பங்க பாய் வந்து கேட்டது?" என்றான்.

"பிப்ரவரியிலங்க. தைப்பூசம் முடிஞ்சு வந்த சனிக்கிழம."

மறுநாள் ஞாயிறு. பேக்கரி. நாற்காலிகள் நிறைந்த நாள். அவன் கணக்குப் போட்டு முடிப்பதைப் பார்த்தேன். அவன் எதிலும் வேகம்.

தாரணியும் போட்டு முடித்திருந்தாள். அவள் அக்கவுண்டன்ட்.

துளையிடும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. வெள்ளைப் புழுதி எழுந்து எல்லோர் மேலும் படிந்தது. தண்டு மாற்ற இயந்திரத்தை நிறுத்தியபோது சலீம் பாய்தான் பேசினார்.

"சாரு பீஸு எவ்வளவுங்கம்மா வாங்கறாரு? என் மச்சான் ஒருத்தரு வீடு கட்றாரு."

"அவரு இஞ்சினியர் இல்லீங்க பாய்," என்றாள் தாரணி. "என்ற வீட்டுக்காரரு."

ஜனவரியிலிருந்து இதை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தேன். இந்தக் குரலில் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

சலீம் பாய் என்னையும் பூபதியையும் மாறி மாறிப் பார்த்தார். பூபதி டீயைக் குடித்து முடித்தான். கப்பைக் கசக்கிப் போட இடம் தேடி, பிறகு பையிலேயே வைத்துக்கொண்டான். இயந்திரக்காரரிடம் போய், "எத்தன அடிங்க ஓடியிருக்குது?" என்று கேட்டான்.

மதியம் தண்ணீர் வந்தது. முதலில் சேறு, பிறகு வெளுத்து, பிறகு தெளிந்து. உப்பா நல்ல தண்ணீரா என்று பார்க்கத் தாரணி இரண்டு கையிலும் ஏந்தி வாயில் விட்டாள்.

"நல்ல தண்ணிங்க," என்றாள்.

டம்ளரில் பிடித்துப் பூபதிக்குக் கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான். மறுபடி பிடித்து எனக்குக் கொடுத்தாள்.

அப்போதும் நான் பார்த்தது, யாருக்கு முதலில் என்பதைத்தான்.